எத்தனையாம் நாள்?

எதிர்ப்புசக்தி என்ற சொல் எங்கள் வீடுகளுக்குள் இந்த அளவுக்குப் புழங்கத் தொடங்கியது 2020க்குப் பிறகுதான். அதற்கு முதல் அது பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் இருந்த ஒரு சொல். கொரோனா வந்ததும் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்தால் எதிர்ப்புசக்தி கூடும், பாலில் மஞ்சள் போட்டால் கூடும், கபசுரக் குடிநீர் குடித்தால் கூடும் என்று வட்ஸ்அப்பில் செய்தி வராத நாளே இல்லை. கொத்தமல்லி குடிப்பதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. தடிமன் வந்தால் இப்போதும் எங்கள் வீட்டில் முதல் மருந்து அதுதான்.

எனக்குப் பிரச்சினை அந்தக் 'கூடும்' என்ற சொல்லில்தான். எதிர்ப்புசக்தி எவ்வளவு கூடினாலும் நல்லது என்று எங்கள் சனங்கள் நம்புகிறார்கள். அது அளவு மீறினால் என்ன நடக்கும் என்பதை என் இரண்டு கைகளும் பத்து வருசத்துக்கு மேலாக எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. சென்னையில் செத்துப்போன என் சித்தியின் மகனுடைய கதையும் கிட்டத்தட்ட அதுதான். இரண்டையும் சேர்த்து ஒருநாள் எழுதவேண்டும் என்று கனகாலமாக நினைத்திருந்தேன்.

நான் ஜேர்மனிக்கு வந்தது 1985இல். அந்தக் காலத்தில் வந்த பலரைப் போல கிழக்கு பேர்லினில் இறங்கி, மேற்கு பேர்லினுக்குள் வந்து, அங்கிருந்து பவேரியாவுக்கு அனுப்பப்பட்டேன். பழைய ஆட்களுக்கு சிர்ண்டோர்வ் என்ற பெயர் மறந்திருக்காது. நூர்ன்பேர்க்குக்குப் பக்கத்தில் உள்ள அந்தச் சின்ன ஊரில் ஒரு பெரிய அகதி முகாம் இருந்தது. அகதி விண்ணப்பங்களைப் பார்க்கும் மத்திய அலுவலகமும் அப்போது அங்கேதான். அங்கிருந்து எர்லாங்கன் இருபது கிலோமீற்றர் அளவுதான் வரும். வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் எர்லாங்கனில் ஒரு உணவகத்தின் குசினிக்குள் போனவன், அந்த ஊரிலேயே தங்கிவிட்டேன்.

இந்த ஊருக்கும் ஒரு அகதிக் கதை இருக்கிறது. 1686இல் பிரான்சிலிருந்து மதத்துக்காகத் துரத்தப்பட்டு வந்த ஹுகெனொற் மக்களுக்காக குறுநில மன்னர் கிறிஸ்டியான் ஏர்ன்ஸ்ட் கட்டுவித்த நகரம்தான் இன்றைய எர்லாங்கனின் நடுப்பகுதி. அகதிகளுக்குக் கட்டின ஊரில் அகதியாக இருக்கிறோம் என்று நண்பர்களுக்குள் பகிடியாகச் சொல்லிக்கொள்வோம். இப்போது இது வைத்தியசாலைகளின் ஊர். பல்கலைக்கழக வைத்தியசாலைக் கட்டடங்கள் நகரத்தின் நடுவிலேயே நிற்கின்றன. சீமென்ஸ் நிறுவனத்தின் மருத்துவப் பிரிவும் இங்கேதான்.

2012இல் என் விரல்கள் வீங்கத் தொடங்கின. காலையில் எழும்பினால் ஒரு மணித்தியாலத்துக்கு கையை மடக்க ஏலாது. கத்தி பிடிக்க முடியாமல் போனது. குசினி வேலையால் வந்த நோ என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இரத்தம் சோதித்துப் பார்த்த வைத்தியர், இது ருமற்றொயிட் ஆத்திரைற்றிஸ் என்றார். ஊரில் முடக்குவாதம் என்பார்கள். "உங்கள் எதிர்ப்புத்தொகுதி உங்கள் மூட்டையே எதிரி என்று நினைத்து அடிக்கிறது" என்று அவர் எனக்கு விளங்கப்படுத்தினார். கிருமி இல்லை, காயம் இல்லை. ஆனாலும் சண்டை நடக்கிறது. சண்டை நடக்கும் இடம் சிவக்கும், வீங்கும், சுடும், நோகும். இதைத்தான் அழற்சி என்கிறார்கள்.

முதலில் மெதோற்றெக்சேற் குளிசை. அது போதாமல் 2016இலிருந்து கிழமைக்கு ஒரு ஊசி. பிரிட்ஜில் வைத்து, வெளியே எடுத்து, குளிர் போனபிறகு வயிற்றில் நானே போட்டுக்கொள்ளுவேன். அதன் பெயர் ரொசிலிசுமாப். ஜப்பானில் ஒசாக்கா பல்கலைக்கழகத்தில் ததமிற்சு கிஷிமோற்றோ என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த மருந்து. எங்கள் உடம்பின் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் புரதங்களுக்கு சைற்றோகைன் என்று பெயர். அதில் ஒன்று இன்ரர்லூக்கின் 6. 'இங்கே சண்டை, ஆட்களை அனுப்பு' என்ற செய்தி அது. ரொசிலிசுமாப் அந்தச் செய்தியை வாங்கும் இடத்தை அடைத்துவிடும். செய்தி போய்ச் சேராது. வீக்கம் வற்றும். சில மாதத்தில் நான் திரும்பவும் வெங்காயம் வெட்டினேன்.

2020 மார்ச்சில் பவேரியாவை மூடினார்கள். ஊரே அடங்கிப்போனது. எர்லாங்கன்காரர் வருசம் முழுக்கக் காத்திருக்கும் பேர்க்கியர்ஷ்வை திருவிழாவும் அந்த வருசமும் அடுத்த வருசமும் நடக்கவில்லை. எனக்கு என் ஊசியை நினைத்துத்தான் பயம். எல்லோரும் எதிர்ப்புசக்தியைக் கூட்ட அலையும்போது நான் காசு கொடுத்துக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். கனடாவிலிருந்து அக்கா எடுத்து, "உந்த ஊசியை உடன நிப்பாட்டு, சாகப் போறியோ?" என்று சத்தம் போட்டா. வைத்தியரைக் கேட்டேன். நீங்களாக நிறுத்தவேண்டாம் என்றார். நிறுத்தினால் மூட்டு திரும்பவும் எரியத் தொடங்கும், அந்த அழற்சியோடு வைரசும் வந்தால் அதுதான் கூடாது என்றார்.

அந்த நேரம் இதே எர்லாங்கனில் இந்தக் கேள்வியைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பல்கலைக்கழக வைத்தியசாலையில் மூட்டு நோய்களுக்கும் எதிர்ப்புத்தொகுதி நோய்களுக்குமான பிரிவின் தலைவர் பேராசிரியர் கேயோர்க் ஷெற். கொரோனா முற்றியவர்களின் உடம்பில் ஓடும் அழற்சியின் பாதைகள் பல, முடக்குவாதக்காரரின் மூட்டில் ஓடும் பாதைகள்தான் என்று அவரும் மற்றவர்களும் 2020இலேயே எழுதினார்கள். அதே வருசம் இன்னொரு ஆய்வும் வந்தது. சைற்றோகைனைத் தடுக்கும் மருந்து எடுக்கும் 500க்கு மேற்பட்ட நோயாளிகளின் இரத்தத்தில் கொரோனாவுக்கான பிறபொருளெதிரி இருக்கிறதா என்று பார்த்தார்கள். நோயில்லாத ஆட்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இருந்தது. இந்த நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. எங்களைப் போன்றவர்கள் பயத்தில் வீட்டுக்குள் இருந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஊசி போடுகிறவன் முதலில் விழுவான் என்ற பயம் அதோடு எனக்குப் போய்விட்டது.

பல நாடுகளில் சேர்த்த 600 மூட்டு நோயாளிகளின் கணக்கு ஒன்றும் அந்த வருசம் வெளிவந்தது. ஸ்ரெரொய்ட் குளிசையை நாளுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கொரோனா வந்து வைத்தியசாலைக்குப் போனது கூட. ரி.என்.எவ் என்ற இன்னொரு சைற்றோகைனைத் தடுக்கும் மருந்து எடுத்தவர்கள் போனது குறைவு. இரண்டுமே அழற்சியைக் குறைக்கும் மருந்துதான். ஒன்று எல்லாவற்றையும் சேர்த்து அமுக்குகிறது, மற்றது ஒரு செய்தியை மட்டும் நிறுத்துகிறது. இதை வாசித்தபோதுதான், எதிர்ப்புசக்தி என்பது கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகாணி வைத்த சாமான் இல்லை என்று எனக்கு விளங்கியது.

சரி, கொரோனாவில் என்ன நடந்தது? நான் விளங்கிக்கொண்டதைச் சொல்லுகிறேன்.

முதல் கிழமை வைரசின் கிழமை. அது கலங்களுக்குள் போய்ப் பெருகும். கலங்கள் இன்ரர்பெரோன் என்ற அபாய மணியை அடிக்கும். பெரும்பாலான ஆட்களுக்கு அந்த மணி நேரத்துக்கு அடித்து, வைரசு அடங்கி, காய்ச்சலும் இருமலும் போய்விடும். சிலருக்கு மணி அடிப்பதில்லை. நியூயோர்க்கிலும் பாரிசிலும் வேலை செய்யும் ஷோன்-லோரோன் கசனோவாவின் குழு 2020இல் ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தது. உயிராபத்தான நிலைக்குப் போன 987 நோயாளிகளில் 101 பேருக்கு, தங்கள் இன்ரர்பெரோனையே செயலிழக்கவைக்கும் பிறபொருளெதிரி உடம்பில் இருந்தது. இலேசாக வந்துபோன 663 பேரில் ஒருவருக்கும் அது இல்லை.

இரண்டாம் கிழமை உடம்பின் கிழமை. வைரசு குறையத் தொடங்கும் நேரத்தில் சிலருக்கு அழற்சி குறையாமல் ஏறும். இன்ரர்லூக்கின் 6 ஏறும். இரத்தப் பரிசோதனைத் தாளில் சி.ஆர்.பி, பெரிற்றின், டி-டைமர் எல்லாம் ஏறும். நுரையீரலின் காற்றறைகளுக்குள் நீரும் கலங்களும் நிரம்பும். நியூற்றோபில் என்ற வெண்குருதிக் கலங்கள் கிருமியைப் பிடிப்பதற்குத் தங்கள் டி.என்.ஏயையே வலையாக வீசும். இந்த வலையை 2004இல் பேர்லினில்தான் கண்டுபிடித்தார்கள். எர்லாங்கனில் மொரிட்ஸ் லெப்கெஸ், மார்ட்டின் ஹெர்மான் ஆகியோரின் குழு, கொரோனாவில் இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்தபோது, இந்த வலைகள் திரண்டு நுரையீரலின் சின்ன இரத்தக் குழாய்களை அடைத்திருந்ததைக் கண்டது. நுரையீரல் மட்டும் இல்லை, சிறுநீரகத்திலும் ஈரலிலும் அதே அடைப்பு. கிருமிக்கு விரித்த வலையில் மனிதன் அகப்பட்டுப் போகிறான்.

இதற்கு சைற்றோகைன் புயல் என்று பெயர் வைத்துப் பத்திரிகைகள் எழுதின. அந்தச் சொல் கொஞ்சம் பெரிசு என்று பிறகு ஆய்வாளர்களே சொன்னார்கள். வேறு சில நோய்களில் இன்ரர்லூக்கின் 6 ஏறும் அளவோடு பார்த்தால் கொரோனாவில் ஏறியது குறைவுதான். புயலோ இல்லையோ, பொறுக்க முடியாதவனுக்கு அதுவே போதும்.

இதைத் தடுக்க என்ன செய்யலாம் என்பதற்கு முதல் பதில் மலிவான ஒரு பழைய மருந்திலிருந்து வந்தது. டெக்சாமெதசோன். 1950களிலிருந்து உள்ள ஸ்ரெரொய்ட். ஒக்ஸ்போர்டில் பீற்றர் ஹோர்பி, மார்ட்டின் லன்ட்றே ஆகியோர் நடத்திய றிக்கவறி ஆய்வின் முடிவை 2020 ஜூன் 16இல் அறிவித்தார்கள். நாளுக்கு 6 மில்லிகிராம், கூடினது பத்து நாள். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் 28 நாளைக்குள் இறந்தது நூற்றுக்கு 41 பேர். இந்த மருந்து கொடுத்தவர்களில் 29 பேர். ஒட்சிசன் மட்டும் பிடித்தவர்களில் 26 பேர் இறந்த இடத்தில் 23 பேர். ஆனால் ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு? மருந்து கொடுக்காதவர்களில் 14 பேர், கொடுத்தவர்களில் 18 பேர். இந்தக் கடைசி வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். ஆனால் பலன் இல்லை என்பது நிச்சயம், கெடுதல் இருக்கலாம் என்பதும் அதில் இருக்கிறது. அறிகுறி தொடங்கி ஏழு நாளுக்குப் பிறகு கொடுத்தவர்களுக்குத்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது.

இந்த நாலு வரியைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புவது. அதே குளிசை, அதே அளவு, அதே நோய். எத்தனையாம் நாள், மூச்சு எப்படி இருக்கிறது என்பதை வைத்து அது உயிரைக் காப்பாற்றும், அல்லது வைரசுக்குக் கதவைத் திறந்துவிடும்.

இனி தம்பியின் கதை. சித்தியின் மகனை நாங்கள் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு ஜேர்மனி கிடைத்தது, அவனுக்குச் சென்னை கிடைத்தது. வளசரவாக்கத்தில் வாடகை வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள். வயது 47. சலரோகம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் அது யாருக்குத்தான் இல்லை.

2021 மே மாதம். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கு மேல் தொற்று என்று செய்தி வந்த மாதம். அவனுக்குக் காய்ச்சல் தொடங்கின இரண்டாம் நாளே, யாரோ யாருக்கோ எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டு ஒன்று வட்ஸ்அப்பில் வந்தது. அதைக் காட்டிப் பக்கத்து மருந்துக்கடையில் வாங்கிய குளிசைகளில் ஸ்ரெரொய்ட்டும் ஒன்று. காய்ச்சல் சட்டென்று விட்டது. "எனக்குச் சுகம் அண்ணா, நீங்கள் யோசிக்காதேங்கோ" என்று அவனே எனக்குச் சொன்னான். ஸ்ரெரொய்ட் காய்ச்சலை அமத்தும். சீனியை ஏற்றும். வைரசை ஒன்றும் செய்யாது. அதே மாதத் தொடக்கத்தில்தான் டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா, ஆரம்பத்திலேயே ஸ்ரெரொய்ட் எடுக்கவேண்டாம், அது வைரசைப் பெருக விடும் என்று பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். அது வளசரவாக்கத்து மருந்துக்கடை வரைக்கும் போய்ச் சேரவில்லை.

எட்டாம் நாள் மூச்சு வாங்கியது. ஒட்சிசன் 88. இரத்தச் சீனி 400ஐத் தாண்டியிருந்தது. ஒரு நாள் முழுக்கக் கட்டில் தேடி ஒன்பதாம் நாள் ஒரு வைத்தியசாலையில் இடம் கிடைத்தது. பதினொராம் நாள் அங்கே ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்கள்: டோசிலிசுமாப், 400 மி.கி. வெளியே எடுத்து வாருங்கள். மச்சாள் அந்தத் துண்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினா. "அத்தான், இந்த மருந்து எங்கயும் இல்லையாம். ஜேர்மனியில எடுக்கலாமோ?"

எழுத்து வேறு, மருந்து ஒன்று. என் பிரிட்ஜின் இரண்டாம் தட்டில், தயிருக்குப் பக்கத்தில், அந்த மருந்து நாலு ஊசி இருந்தது. அப்போது இந்தியா முழுக்க அதற்குத் தட்டுப்பாடு. கறுப்புச் சந்தையில் கேட்ட விலை ஒரு வீட்டு முற்பணம். என்னிடம் உள்ளது வயிற்றில் போடும் ஊசி, அவர்கள் கேட்டது நாளத்தில் ஏற்றும் மருந்து. குளிரில் வைத்து அனுப்பவேண்டும், சுங்கத்தால் போகவேண்டும், விமானங்களும் குறைவு. இரண்டு நாள் தொலைபேசியிலேயே போனது. என் வைத்தியரிடமும் கேட்டேன். சீனி இந்த நிலையில், வேறு கிருமித் தொற்றும் இருக்கலாம் என்ற சந்தேகத்தில், இதைக் கொடுப்பது அங்கே பார்க்கிற வைத்தியர்கள்தான் யோசிக்கவேண்டிய விசயம் என்றார்.

பதினைந்தாம் நாள் தம்பி போய்விட்டான். பிளாஸ்ரிக்கில் சுற்றிக் கொண்டுபோனதை பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். நான் தொலைபேசியில் பார்த்தேன்.

அந்தக் குளிசைதான் அவனைக் கொன்றது என்று நான் எழுதமாட்டேன். ஒரு தனி மனிதனை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ரொசிலிசுமாப் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்றும் எழுதமாட்டேன். அதே றிக்கவறி ஆய்வில், ஒட்சிசன் குறைந்து சி.ஆர்.பி ஏறிய நோயாளிகளில் அந்த மருந்து கிடைக்காதவர்கள் நூற்றுக்கு 35 பேர் இறந்தார்கள், கிடைத்தவர்கள் 31 பேர். நூறு பேரில் நாலு பேர். பெரிய விசயம்தான். ஆனால் வீட்டை விற்று அதைத் தேடின சனங்களுக்கு யாரும் அந்தக் கணக்கைச் சொல்லவில்லை. தம்பிக்குத் தேவையாக இருந்த மற்றவை மிகச் சாதாரணமானவை. எட்டாம் நாளில் இல்லாமல் ஐந்தாம் நாளிலேயே விரலில் மாட்டிப் பார்க்க ஒரு ஒட்சிமீற்றர். சீனியைக் கவனிக்க ஒரு ஆள். நேரத்துக்கு ஒரு கட்டில்.

எங்கள் ஆட்களுக்கு இது கூடுதலாக ஏன் அடித்தது என்று கேட்கிறார்கள். லைப்சிக்கில் ஸ்வாந்தே பேபோவும் ஹூகோ சேபேர்க்கும் 2020இல் ஒரு காரணத்தைக் காட்டினார்கள். நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்த ஒரு மரபணுத் துண்டு கொரோனா முற்றும் ஆபத்தைக் கூட்டுகிறது. அது ஐரோப்பாவில் நூற்றுக்கு 16 பேரிடம், தெற்காசியாவில் பாதிப் பேரிடம் இருக்கிறது. ஆனால் மரபணுவை மாற்ற ஏலாது. சலரோகத்தையும் வயிற்றுச் சதையையும் பார்க்கலாம். கொழுப்புக் கலங்களும் அழற்சிச் செய்தி அனுப்பும் கலங்கள்தான். கட்டுப்படாத சீனியோடு ஸ்ரெரொய்ட்டும் சேர்ந்தபோது என்ன வந்தது என்பதை இந்தியா கண்டது. 2021 ஜூன் முடிவுக்குள் 40 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கறுப்புப் பூஞ்சை. கண் போனவர்கள் எத்தனை பேர்.

எதிர்ப்புசக்தி என்றால் எங்கள் மனதில் ஒரு படைதான் வருகிறது. கூடக் கூடப் பலம், பலம் என்றால் வெற்றி. சண்டை நடந்த நாட்டிலிருந்து வந்த எங்களுக்கு அந்தப் படம் இலகுவாக வரும். ஆனால் காக்க வந்த படையால் அழிந்த ஊர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். தொடங்கத் தெரிந்த அளவுக்கு நிறுத்தவும் தெரியாத எந்தச் சண்டையும் வீட்டைத்தான் எரிக்கும். நல்ல எதிர்ப்புசக்தி என்பது நேரத்துக்கு எழும்பி, வேலையை முடித்து, நேரத்துக்கு அடங்குவது. தடுப்பூசி அதைத்தான் பழக்குகிறது. கபசுரக் குடிநீர் பழக்கும் என்று யாரும் இன்னும் நிறுவிக் காட்டவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் கொரோனா அவசரநிலையை முடித்துவிட்டது. ஆனால் வைரசுகள் முடியவில்லை. அடுத்தது வரும்போதும் வட்ஸ்அப்பில் ஒரு மருந்துச் சீட்டு வரும். தயவுசெய்து அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஊரிலிருந்தோ சென்னையிலிருந்தோ யாராவது காய்ச்சல் என்று எடுத்தால் "என்ன மருந்து எடுத்தனீ?" என்று கேட்கமுதல் "எத்தனையாம் நாள்?" என்று கேளுங்கள். காய்ச்சல் தொடங்கின திகதியைக் கலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள். ஒட்சிமீற்றரில் 94க்குக் கீழே போனால் காத்திருக்காமல் வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள். ஏழாம் எட்டாம் நாளில் "இப்ப சுகம்" என்று சொன்னாலும், அடுத்த நாளும் ஒருக்கால் எடுத்துக் கேளுங்கள்.